பிறை தெரியாத நாளில் விட்ட சுருட்டு

மச்சான்,

இன்று காலை மண்டியில் ஒருவர் எனக்கு ஒரு சுருட்டை நீட்டினார். தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த புது ஆள். மாட்டை அவிழ்த்துக் கட்டி, தார்களை இறக்கி, விலை படிந்ததும் சந்தோஷத்தில் மடியிலிருந்து இரண்டு சுருட்டை எடுத்தார். ஒன்றைத் தன் வாயில் வைத்துக்கொண்டு மற்றதை என் பக்கம் நீட்டி, "எடுத்துக்குங்க மொதலாளி, உறையூர்ச் சரக்கு, நல்லா இருக்கும்" என்றார். பாலக்கரைக்காரன் எவனும் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டான். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அவனவனுக்கு உங்கள் வாய்க்குப் பயம் இருக்கிறது. பாவம், வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும்.

அவர் பற்றவைத்து விட்ட முதல் புகை நேராக என் மூக்கில் வந்து ஏறியது. அடேயப்பா! இத்தனை வருஷம் கழித்தும் இந்த உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை. என் கை தானாக நீண்டுவிட்டது மச்சான். விரல் அந்தச் சுருட்டைத் தொட்டேவிட்டது. தொட்டதும் பயந்து கையை இழுத்துக்கொண்டேன். "வேணாங்க, உள்ள வேலையிருக்கு" என்று ஏதோ உளறிவிட்டுப் போய்த் தார்க் குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கணக்குப் பார்க்கிறவர் எட்டிப் பார்த்து, "என்னங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்று கேட்டார். வெயில் என்றேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

அப்போது பிடித்த பயம் இன்னும் இறங்கவில்லை. நீங்கள் இருந்தவரை இந்தப் பயத்தில் பாதியை உங்கள் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது முழுசும் என் தலையில். இதை யாரிடம் சொல்வது? நீங்கள் மண்ணுக்குள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்று நன்றாகத் தெரிந்துதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்குச் சுருட்டு விற்றவரும் நீங்கள், விடவைத்தவரும் நீங்கள். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பாலக்கரைக் கடைத்தெருவில் உங்கள் சுருட்டுக் கடைக்கும் என் வாழைக்காய் மண்டிக்கும் நடுவே ஒரு சந்துதான். கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரி உங்களை "அண்ணே" என்று கூப்பிட்டாள். நீங்கள் அவளைத் "தங்கச்சி" என்றீர்கள். அதோடு நான் உங்களுக்கு மாப்பிள்ளை, நீங்கள் எனக்கு மச்சான் ஆகிவிட்டோம். நீங்கள் தொழுகைக்குப் போகிறபோது நான் உங்கள் கல்லாவில் உட்காருவேன். உட்கார்ந்த நேரத்துக்குக் கூலியாக ஒரு சுருட்டை எடுத்து, கடை முகப்பில் தொங்கும் நெருப்புக் கயிற்றில் பற்றவைத்துக்கொள்வேன். விடிந்தது முதல் அந்தக் கயிறு எப்படிக் கனன்றுகொண்டே இருந்ததோ, அப்படித்தான் என் வாயும் இருந்தது.

எனக்குக் குடல் இறங்கியது தார் தூக்கித்தான். முதலாளி என்று பேர், ஆனால் ஆள் வரவில்லை என்றால் நானே இறங்கித் தூக்குவேன், என் அவசரப் புத்தி உங்களுக்குத் தெரியுமே. அடிவயிற்றில் ஒரு பக்கம் உருண்டையாக வந்து நின்றது. படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே வரும். தோல் பட்டை ஒன்றை வாங்கி இறுக்கிக் கட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். பிறகு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர், எனக்கு இருந்த அதே உபத்திரவம் உள்ளவர், ஒரு நாள் குடல் முறுக்கிக்கொண்டு துடித்துத் துடித்துச் செத்துப்போனார். அவரை வண்டியில் போட்டுக்கொண்டு போனதை நான் பார்த்தேன். மறுநாளே உறையூர்ப் பக்கம் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு முதுகில் குழாயை வைத்து, "இருமுங்க" என்றார். இருமினேன். இருமல் நிற்கவே இல்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"சுருட்டா?"

"ஆமாங்க."

"அதை விட்டுட்டு வாங்க. இந்த இருமலோட நான் கத்தி வெக்க மாட்டேன். மயக்கத்துக்குக் குடுக்கிற குளோரோபாரத்தையே உங்க நெஞ்சு தாங்காது. தாங்கினாலும், தைச்சு விட்ட பிறகு இப்படி ஒரு தடவை இருமுனீங்கன்னா தையல் அத்தனையும் பிரிஞ்சு போயிடும்."

"ஆபரேஷனே வேணாம்னு விட்டுட்டா?"

"மூட்டை தூக்குறவர் ஒருத்தர் நேத்து வந்தாரு. காலம் கடந்து வந்தாரு" என்றார். 

அங்கிருந்து நேராக உங்கள் கடைக்கு வந்தேன். வந்தவன் என்ன செய்தேன் தெரியுமா? பழக்க தோஷம், பெட்டியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்துக் கயிற்றில் பற்றவைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்! நீங்கள் எல்லாவற்றையும் கேட்டீர்கள். பிறகு எழுந்து வந்து அந்தப் பெட்டியை எடுத்து உயரத்துப் பலகையில் வைத்தீர்கள்.

"இனிமே உங்களுக்கு இந்தக் கடையில சரக்கு இல்ல மாப்ளே."

"நல்ல வியாபாரிதான் போங்க. வந்த கிராக்கியை விரட்டுறீங்களே."

"கிராக்கி எனக்கு ஆயிரம் வருவான். நீங்க உசுரோட வந்து இந்தப் பலகையில சும்மா உக்காந்துட்டுப் போங்க, அது போதும்."

அன்றைக்கே விடு என்று நீங்கள் சொல்லவில்லை. என் சுபாவம் தெரிந்தவர். "இன்னைக்கே விடுங்கன்னா நாளைக்கே ஓடிப் போய் எவன்கிட்டயாவது வாங்குவீங்க. ரம்ஜான் பிறை வரப்போகுது. பிறை தெரிஞ்சதும் நான் நோன்பு. பகல்ல புகை கிடையாது. நீங்களும் அன்னையிலேருந்து விடுங்க. எனக்குப் பகல் மட்டும்தான் தடை, ஆனா உங்களுக்காக ராத்திரிக்கும் சேத்து நானும் விட்டுடுறேன். பெருநாள் முடியட்டும், கத்தி வெச்சுக்கலாம்" என்றீர்கள்.

"நீங்க எதுக்கு விடணும்? புகையிலை வாங்கறவரு, பத்த வெச்சுப் பாக்காம எப்படி வாங்குவீங்க?"

"மோந்து பாத்து வாங்கிக்கிறேன். நான் வாயில வெச்சுக்கிட்டு உங்களை வேணாம்னா கேப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன்தான்.

பிறைக்கு இருந்த அந்தக் கொஞ்ச நாள் இருக்கிறதே, அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று உங்கள் கையால் அளந்து கொடுத்தீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டீர்கள்! எல்லாரும் சேர்ந்து எனக்கு உற்சாகம் கொடுத்தே என் உயிரை எடுத்தார்கள். சவரம் பண்ணுகிறவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, "விட்டுட்டீங்களாமே?" என்பார். "இன்னும் இல்லப்பா, பிறைக்குத்தான்" என்றால், "அட, இன்னுமா விடல?" என்று கத்தியை எடுக்காமலே வருத்தப்படுவார். பால் ஊற்றுகிறவள் தன் மாமன் எப்படி இருமி இருமிச் செத்தான் என்று விவரமாகச் சொல்லிவிட்டு, "நீங்க தைரியமா இருங்க" என்பாள். என் வீட்டுக்காரி சுக்கு, கிராம்பு, பனங்கற்கண்டு எல்லாம் ஒரு சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிவிட்டாள். வாய் நமநமத்தால் ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். அந்தப் பை ஒரே நாளில் காலியாகி, நாக்கு புண்ணானதுதான் மிச்சம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். மொட்டைக் கோபுரத்துப் பக்கம் ஒரு பெட்டிக்கடை. என்னை யார் என்றே தெரியாத கடைக்காரர். ஒரு சுருட்டு கொடுங்க என்று கேட்டேன். மனுஷர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க பாலக்கரை வாழக்கா மண்டிதானே? காதுல கடுக்கன், நெத்தியில பட்டை, பேசும்போது மூச்சு வாங்கும்னு அடையாளம் சொல்லியிருக்காரு. உங்க மச்சான்தாங்க எனக்குச் சரக்கு போடுறாரு. குடுத்தா எனக்குச் சரக்கு நின்னு போகும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஊரையே வளைத்து வைத்திருக்கிறீர்கள் படுபாவி மனுஷர்!

அங்கேதான் நம்முடைய ஸ்ரீரங்கத்து அய்யங்கார் பிடித்துக்கொண்டார். கல்யாண வீடுகளுக்குச் சமையல் ஒப்புக்கொண்டு, என்னிடம் இலையும் காயும் வாங்குகிறவர். மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே, "என்னங்காணும், திருமுகம் வாடியிருக்கு?" என்றார். சொன்னேன். அவர் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "பெருமாள் திருவுள்ளம் இருந்தா எல்லாம் நடக்கும். கவலைப்படாதேயும். உமக்குத் துணையா அடியேனும் அன்னிக்கே பொடியை விட்டுடறேன்" என்று ஒரு பெரிய சிட்டிகையாக எடுத்து உறிஞ்சினார். ஆக, விடப்போகிறவர்கள் மூன்று பேர் ஆனோம்.

பிறை பார்க்கிற மாலை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? மழைக்காலம். மேற்கே ஆற்றுக்கு மேல் வானம் திறந்து தெரியும் என்று ஜனங்கள் எல்லாம் காவேரிப் பாலத்தில் நின்றார்கள். நீங்கள் தொப்பி போட்டுக்கொண்டு, நான் கையில் என் கடைசிச் சுருட்டோடு, அய்யங்கார் டப்பாவோடு. அந்தக் கடைசிச் சுருட்டை நான் எப்படிப் பிடித்தேன்! ஒவ்வொரு இழுப்பையும் நெஞ்சில் நிறுத்தி, இதுதான் கடைசி, இதுதான் கடைசி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட நின்றேன். ஏதோ மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவன் மாதிரி. பாதி அழுகை புகைக்கு, பாதி பயத்துக்கு. நாளையிலிருந்து என்ன பண்ணப்போகிறேன், விட முடியாமல் போனால் என்ன ஆகும், அந்த மூட்டைக்காரர் வண்டியில் துடித்த மாதிரி நானும் துடிக்கப்போகிறேனா என்று அது ஒன்றே மனசில் சுற்றியது.

பிறை தெரியவில்லை. மேற்கே கன்னங்கரேல் என்று மேகம். இருட்டும்வரை பார்த்துவிட்டு ஜனங்கள் கலையத் தொடங்கினார்கள்.

"இப்ப என்ன?" என்றேன்.

"மேகம் மறைச்சுட்டா இந்த மாசத்துக்கு முப்பது நாள் பூர்த்தி பண்ணிக்கணும் மாப்ளே. நாளைக்கு நோன்பு இல்ல. நாளன்னைக்குத்தான்."

"அப்ப நாளைக்கு எனக்குச் சுருட்டு உண்டா?"

நீங்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். "உண்டு. காலைக்கு ஒண்ணு, சாயங்காலத்துக்கு ஒண்ணு. போங்க" என்றீர்கள். அய்யங்கார் அவசரமாக டப்பாவைத் திறந்து, "அப்போ அடியேனுக்கும் ஒரு நாள் உண்டோன்னோ?" என்றார். நான் பாலத்தில் குதிக்காத குறைதான். தூக்குத் தண்டனைக்காரனுக்கு ஒரு நாள் வாய்தா கிடைத்தால் எப்படி இருக்கும்!

மறுநாள் காலை நிம்மதியாகக் குளித்து, இட்லி சாப்பிட்டு, உங்கள் கடைக்கு வந்தேன். நீங்களும் நன்றாகப் பசியாறிவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஆளுக்கு ஒன்றை எடுத்துக் கயிற்றில் பற்றவைத்தோம்.  பாதிச் சுருட்டு ஆகியிருக்கும். பள்ளிவாசல் பக்கமிருந்து நகரா முரசு அடிக்கிற சத்தம் கேட்டது. யாரோ கத்திக்கொண்டே ஓடி வந்தார்: வேறு ஊரில் நேற்றே பிறை பார்த்துவிட்டார்களாம், தந்தி வந்திருக்கிறதாம், பிறைக்குத் தீர்ப்புச் சொல்கிற காஜியார் ஒப்புக்கொண்டு விட்டாராம், இன்றைக்கே நோன்பாம்!

நீங்கள் உங்கள் வாயில் இருந்ததை உடனே எடுத்து எறிந்தீர்கள். அதே கையோடு என்னைப் பார்த்து, "துப்புங்க மாப்ளே! நோன்பு வந்தாச்சு!" என்று கத்தினீர்கள்.

"இருங்க மச்சான், பாதிதான் ஆச்சு..."

"பாதியோட போகட்டும்!"

"நான் என்ன துலுக்கனா? எனக்கு எதுக்கு உங்க காஜியார் உத்தரவு? சாயங்காலத்துக்கு ஒண்ணு உண்டுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க! நேத்து பாலத்துல பிடிச்சதைத்தான் கடைசின்னு பிடிச்சேன், இதைச் சும்மா பிடிச்சேன், இது கணக்கில்ல!"

நீங்கள் எழுந்து வந்து என் வாயிலிருந்து அந்தச் சுருட்டைப் பிடுங்கி வாசற்படியில் தேய்த்து அணைத்தீர்கள். கடைத்தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு அவமானம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். நீங்கள் ஒரு குவளைத் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தீர்கள். உங்கள் வாயைக் கொப்பளித்துவிட்டு, "இன்னைக்குச் சாப்பிட்ட நோன்பை நான் இன்னொரு நாள் பிடிச்சு ஈடு கட்டணும்" என்றீர்கள். பிறகு கொஞ்சம் தணிந்து, "மௌத்துன்னு சொல்ற சாவும் இப்படித்தான் வரும் மாப்ளே. தயாரா இருக்கீங்களான்னு கேட்டுக்கிட்டு வராது" என்றீர்கள்.

அப்படித்தான் விட்டேன். அத்தனை ஏற்பாடு, அத்தனை உபதேசம், பாலத்தில் நின்று அழுத அழுகை எல்லாம் ஒன்றுக்கும் உதவவில்லை. எதிர்பாராத காலையில், இட்லி வாசனை போகாத வாயிலிருந்து பிடுங்கப்பட்டது.

விட்ட பிறகு இருமல் குறையும் என்று நினைத்தேன். கூடிவிட்டது! நெஞ்சைப் பிளக்கிற மாதிரி வந்தது, கரி கரியாகச் சளி வந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் பட்டைக்குள் குடல் முட்டிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரிக்கு ஓடினால் டாக்டர் சாவதானமாக, "வரட்டும், அழுக்கு வெளிய வருது, நல்லதுதான்" என்றார். அவருக்கென்ன. எனக்கு ராப்பகலாக அதே கவலை. இப்படியே இருமினால் கத்தி வைக்க மாட்டார். வைக்காவிட்டால் என்றைக்கு முறுக்கிக்கொள்ளுமோ. வீட்டுக்காரியிடம் எரிந்து விழுந்தேன். மண்டியில் ஆட்களை ஏசினேன். அய்யங்கார் மூன்றாம் நாளே மூக்கு சிவக்க வந்து, "பெருமாளுக்குத் திருவுள்ளம் இல்லை காணும்" என்று பொடி டப்பாவை எடுத்துக் காட்டிவிட்டுப் போனார். அவரைக் கூட ஏசினேன்.

நோன்பு திறக்கிற நேரம்தான் கொடுமை. பகல் முழுக்க அடக்கி வைத்த ஆட்கள் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுப் பள்ளிவாசல் வாசலிலேயே ஆளுக்கொன்று பற்றவைப்பார்கள். அந்தப் புகை சந்து வழியாக என் மண்டிக்குள் வரும். உங்களுக்கும் அந்த நேரம் தடை இல்லை. மார்க்கமே உங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தது. ஆனாலும் நீங்கள் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வருவீர்கள். எனக்கு ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து ஏலக்காயை மென்றுகொண்டிருப்பீர்கள். அந்தப் புகை வரும்போதெல்லாம் இன்னொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வீர்கள்.

ஒரு நாள் அந்தக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன். "வருஷக்கணக்கா என் வாயில இதைத் திணிச்சு வித்தவரு நீங்க! இப்ப வந்து கஞ்சி ஊத்தி நல்லவரு வேஷம் போடுறீங்களா?" என்று கத்தினேன். சிந்திய கஞ்சியை உங்கள் துண்டாலேயே துடைத்தீர்கள்.

"ஆமா மாப்ளே. வித்தேன். நான் வித்ததுதான் உங்க நெஞ்சுல கெடக்கு. உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆனா தங்கச்சி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? உங்க பயத்தைவிட என் பயம் பெருசு. கஞ்சியைக் குடிங்க" என்றீர்கள்.

குடித்தேன். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, நீங்களும் என்னைப் போலவே தூங்காமல் இருந்தீர்கள் என்று.

பெருநாள் போயிற்று. மார்கழிப் பனியில் ஆபரேஷன். முந்தின நாள் டாக்டர் மறுபடியும் குழாய் வைத்துப் பார்த்து, "பரவாயில்ல" என்றார். அந்த ஒரு வார்த்தையை வீட்டுக்காரி எத்தனை தெய்வத்துக்குச் சொன்னாளோ. மூக்கில் குளோரோபாரத் துணியை வைத்தபோது நான் உங்கள் பேரைத்தான் கூப்பிட்டேனாம். பிறகு நர்ஸம்மா சொல்லிச் சிரித்தாள்.

கண் விழித்ததும் முதலில் வந்தது வலி. அடுத்து வந்தது இருமல். அடக்கினேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. நர்ஸம்மா ஓடி வந்து, "அடக்காதீங்க, காயத்து மேல கையை அழுத்தி வெச்சுக்கிட்டு இருமுங்க, தையல் தாங்கும்" என்றாள். எனக்குக் கையைத் தூக்கப் பலம் இல்லை. வீட்டுக்காரி கையை வைத்தாள். அவளுக்கு அழுத்த மனசு வரவில்லை. நீங்கள் அவளை நகர்த்திவிட்டு, உங்கள் உள்ளங்கை இரண்டையும் என் அடிவயிற்றின் கட்டு மேல் வைத்து அழுத்தினீர்கள்.

"இருமுங்க மாப்ளே. நான் பிடிச்சிருக்கேன்."

இருமினேன். உயிர் போய் வந்தது. தையல் நின்றது. மறுபடி வந்தது. மறுபடி பிடித்தீர்கள். கடை சாத்திக் கிடந்தது. தொழுகைக்கு மட்டும் எழுந்து போய்விட்டு வந்து உட்காருவீர்கள். நான் தூங்கும்போது கூட உங்கள் கை காயத்துக்குப் பக்கத்தில் தயாராக இருக்குமாம். பிரிந்துபோகும் பிரிந்துபோகும் என்று பயந்த தையலை டாக்டர் ஒரு காலை வந்து அவர் கையாலேயே பிரித்து எடுத்தார். "நல்லா சேந்திருக்கு" என்றார். நீங்கள் வராந்தாவுக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வீடு திரும்பி, நடக்கத் தொடங்கிய முதல் நாள் உங்கள் கடைக்கு வந்தேன். நீங்கள் வாயில் சுருட்டோடு உட்கார்ந்திருந்தீர்கள்! என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி அதைப் பலகைக்கு அடியில் தேய்த்தீர்கள்.

"என்ன மச்சான் இது?"

"நான் சொன்ன வாக்கு உங்க தையலோட முடிஞ்சுது மாப்ளே. மோந்து பாத்து வாங்கின சரக்கு அத்தனையும் குப்பை. ஒருத்தனும் தொட மாட்டேங்கிறான்."

அன்று சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் உங்களிடம் வந்து நின்றேன். என்னிடம் வாங்கிக்கொண்ட அதே வாக்கைக் கேட்டேன். மிரட்டினேன், கெஞ்சினேன், அய்யங்காரைக் கூட்டி வந்து சொல்லச் சொன்னேன். பெட்டியைத் தூக்கி உயரத்தில் வைத்தும் பார்த்தேன், கடைக்காரருக்குத் தன் பெட்டி எட்டாமலா போகும்? "அடுத்த பிறைக்கு, இன்ஷா அல்லா" என்பீர்கள். என் முன்னால் மட்டும் பிடிக்க மாட்டீர்கள். நான் சந்து திரும்பும் சத்தம் கேட்டதும் அணைத்துவிடுவீர்கள். யுத்தம் வந்தது, அரிசிக்கு ரேஷன் வந்தது, உங்கள் இருமல் என் மண்டி வரைக்கும் கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு தடவை அது கேட்கும்போதும் தராசைப் பிடித்திருந்த என் கை நிற்கும்.

போன மழைக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் படுத்தீர்கள். அதே டாக்டர் வந்து பார்த்தார். வெளியே வந்து என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருமல் வந்தது. கட்டிலே குலுங்கியது. நான் என் கை இரண்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் நெஞ்சில் வைத்தேன், விலாவில் வைத்தேன், முதுகில் வைத்தேன். எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரியவில்லை மச்சான்.

நீங்கள் அந்த இழுப்பிலும் சிரித்தீர்கள். "எனக்குத் தையல் எங்கயும் இல்ல மாப்ளே" என்றீர்கள். மூச்சு வாங்கிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்:

"நான் போனதும் நீங்க ஒண்ணு பத்த வெப்பீங்க. எனக்குத் தெரியும். மையத்தாங்கரையில, அடக்கம் முடிஞ்சதும், எல்லாரும் பிடிப்பானுங்க. உங்களுக்கும் எவனாவது நீட்டுவான். வாங்காதீங்க. மண்ணை அள்ளிப் போட்டுட்டு நேரா வீட்டுக்குப் போங்க. எங்கயும் நிக்காதீங்க."

அழுதுகொண்டே தலையை ஆட்டினேன். உங்கள் உயிருக்கு நான் பயந்துகொண்டிருந்தேன். நீங்கள் அப்போதும் என் உயிருக்குத்தான் பயந்தீர்கள்.

நீங்கள் சொன்ன மாதிரியே நடந்தது. உங்களைக் கிடத்தி, எல்லாரோடும் சேர்ந்து நானும் மூன்று பிடி மண் போட்டேன். வெளியே வந்ததும் மரத்தடியில் நின்று ஆளுக்கொன்று பற்றவைத்தார்கள். ஒருவர் அழுத கண்ணோடு எனக்கும் ஒன்றை நீட்டினார். பார்த்தவுடன் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டேன். வழியில் யார் கூப்பிட்டும் நிற்கவில்லை. கையில் மண் அப்படியே இருந்தது.

வீட்டுக்காரி கதவுக்குப் பின்னால் சொம்புத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். கையில் ஊற்றவில்லை. என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, வாயை மோந்து பார்த்தாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அண்ணன் என்கிட்டயும் சொல்லிட்டுத்தாங்க போயிருக்காரு. தினமும் மோந்து பாரு தங்கச்சி, அவரை நம்பாதே, நல்லவரு, ஆனா நம்பாதேன்னு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அன்றையிலிருந்து தினமும் மாலையில் கதவைத் தாண்டியதும் நான் முகத்தை நீட்டுகிறேன். இத்தனை வயசுக்கு மேல் வெட்கம் என்ன இருக்கிறது. அவள் மோந்து பார்த்து, "சரி, உள்ள வாங்க" என்பாள். அதைக் கேட்டால்தான் ஒரு நாள் முடிந்தது என்று எனக்கு மூச்சு வருகிறது.

இன்றும் நீட்டினேன் மச்சான். தொட்டியத்துக்காரர் விட்ட புகை சட்டை முழுக்க ஏறியிருந்தது. சட்டையில் மூக்கை வைத்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது. நான் வாயைத் திறந்து முகத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.  கிட்டே வந்து வாயை மோந்தாள். மறுபடியும் மோந்தாள். பிறகுதான், "சரி, உள்ள வாங்க" என்றாள்.